ஏசியும் வேண்டாம், சன்னலும் திறக்க வேண்டாம்: காருக்குள் வெளிக்காற்றைக் கொண்டுவருவது எப்படி?

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, தருமபுரியிலிருந்து பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூருக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். பின்னிருக்கையில் இருந்த அம்மாவுக்கு ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளாது. "அதை நிறுத்திடு கண்ணு, மூட்டெல்லாம் விறைக்குது" என்றார். நிறுத்தினேன். பாலக்கோட்டைத் தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. காருக்குள் ஐந்து பேர். பத்து நிமிடத்திற்குள் முன் கண்ணாடியின் உட்புறம் முழுவதும் ஆவி படிந்து, எதிரே வரும் வண்டியின் விளக்கு மஞ்சள் திட்டாகத்தான் தெரிந்தது. பையனுக்குக் குமட்டல் எடுத்தது. சன்னலைத் திறந்தால் சாரல் உள்ளே அடித்தது. "இதுக்கு அந்த ஏசியே தேவலையேப்பா, மூச்சு முட்டுது" என்று அம்மாவே சொல்லும்படி ஆயிற்று. ஏசிப் பொத்தானை அணைத்துவிட்டால் வெளிக்காற்று தானாகவே உள்ளே வந்துவிடும் என்று அதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் உள்ளே இருந்த அதே காற்றைத்தான், ஐந்து பேர் விட்ட மூச்சோடு சேர்த்து, ஃபேன் திரும்பத் திரும்பச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது.

கார் ஓட்டக் கற்றுத் தருபவர்கள் கிளட்சையும் கியரையும் சொல்லித் தருகிறார்கள். டேஷ்போர்டின் நடுவே இருக்கும் அந்த மூன்று திருகுகளைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் நம்மில் பலருக்குக் கோடை என்றால் ஏசி, மற்றப்படி சன்னல் என்ற இரண்டு வழிகள்தான் தெரியும். மூன்றாவதாக ஒரு வழி ஏறத்தாழ எல்லாக் கார்களிலும் இருக்கிறது. சன்னல்களை மூடியபடியே, குளிர்விக்காமலும் சூடாக்காமலும், வெளியே உள்ள காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் அது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அடிக்கடி போய்வரும் எவருக்கும் இந்த வழி ஆண்டில் பல மாதங்கள் பயன்படும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது, காருக்குள் வரும் காற்றைப் பற்றி மூன்று கேள்விகள் தனித்தனியாக இருக்கின்றன என்பதாகும். காற்று எங்கிருந்து எடுக்கப்படுகிறது, அது குளிர்விக்கப்படுகிறதா, அது சூடாக்கப்படுகிறதா என்ற இந்த மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. ஏசிப் பொத்தான் இரண்டாவது கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். மற்ற இரண்டும் முன்பு எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கும். அன்று எனக்கு நேர்ந்தது இதுதான்: குளிர்விப்பதை நிறுத்தினேனே தவிர, காற்று எடுக்கும் இடத்தை மாற்றவில்லை.

காற்று வரும் பாதையை அதன் கூடவே நடந்து பார்ப்பதுபோல் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். பானட்டைத் திறந்து, முன் கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். நீளவாக்கில் கறுப்புப் பிளாஸ்டிக்கில் சல்லடை போன்ற ஒரு மூடி இருக்கும். வெளிக்காற்று நுழையும் வாசல் அதுதான். அந்த இடத்தை வடிவமைப்பாளர்கள் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கார் ஓடும்போது எதிர்க்காற்று பானட்டின் மேல் வழுக்கி வந்து, சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் மோதித் தேங்குகிறது. ஆகவே அங்கே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்த அழுத்தமே காற்றை உள்ளே தள்ளிவிடும். நான்கு வழிச்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது ஃபேனை முழுவதும் அணைத்த பிறகும் சில கார்களில் முகத்தில் மெல்லிய காற்று படுவதை உணரலாம். கார் ஓடுவதே அங்கே ஃபேனின் வேலையைச் செய்கிறது.

அந்த வாசலைக் கடந்ததும் ஒரு சிறு கதவு வரும். இதுதான் நம் முதல் கேள்விக்கான கதவு. ஒரு பக்கம் சாய்ந்தால் வெளிக்காற்றை விடும்; மறுபக்கம் சாய்ந்தால் வெளி வாசலை அடைத்துவிட்டு, பயணியின் காலருகே உள்ள திறப்பின் வழியாக உள்ளே இருக்கும் காற்றையே எடுக்கும். பழைய கார்களில் இடமும் வலமும் தள்ளும் ஒரு சிறு நெம்புகோல் இந்தக் கதவை ஆட்டுகிறது. புதியவற்றில் அது ஒரு பொத்தான். கார் படத்திற்குள்ளேயே ஓர் அம்புக்குறி வளைந்து சுற்றிக்கொண்டிருந்தால் அது உள்சுழற்சி. வெளியிலிருந்து ஓர் அம்புக்குறி காருக்குள் நுழைவதுபோல் இருந்தால் அது வெளிக்காற்று. ஒரே பொத்தான் இருக்கும் கார்களில், விளக்கு எரிந்தால் உள்சுழற்சி, அணைந்தால் வெளிக்காற்று என்பது பொதுவான வழக்கம். ஐயமாக இருந்தால் காதே சொல்லிவிடும். ஃபேனை மூன்றாம் எண்ணில் வைத்துக்கொண்டு அந்தப் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். உள்சுழற்சியில் ஃபேனின் இரைச்சல் இடப்பக்கக் காலடியிலிருந்து உரக்கக் கேட்கும்; வெளிக்காற்றுக்கு மாறியதும் ஒரு கதவைச் சாத்தியதுபோல் அந்த இரைச்சல் அமுங்கும்.

அடுத்தது ஃபேன், மெக்கானிக்குகள் இதை ப்ளோயர் என்பார்கள். அதையொட்டி, பெரும்பாலும் க்ளவ் பாக்ஸின் பின்னால், கேபின் ஃபில்டர் என்னும் காகித வடிகட்டி இருக்கும். அதையும் கடந்த காற்று ஏசியின் குளிர்ச் சுருளுக்கு வருகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஏசி அணைந்திருந்தாலும் காற்று இந்தச் சுருளின் வழியாகத்தான் போயாக வேண்டும். அதைச் சுற்றிக்கொண்டு போக வேறு பாதை கிடையாது. ஏசியை இயக்கும் கம்ப்ரஸர் ஓடினால் சுருள் சில்லிட்டுக் காற்றைக் குளிர்விக்கும். ஓடாவிட்டால் அது வெறும் தகட்டு அடுக்கு. ஏசிப் பொத்தான் செய்வதெல்லாம் அந்தக் கம்ப்ரஸரை இயந்திரத்தோடு இணைப்பதும் பிரிப்பதும்தான். பல கார்களில் அந்த இணைப்பு விழும்போது பானட்டுக்குள் 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும். நின்றிருக்கும் காரில் இயந்திரத்தின் ஓட்டம் ஒரு கணம் தாழ்ந்து எழும்.

இன்று ஒரு விரலால் செய்யும் இந்த வேலை தொடக்கக் காலத்தில் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்ற முதல் கார்கள் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனத்தின் 1940-ஆம் ஆண்டு மாதிரிகள். அவற்றில் கம்ப்ரஸரைப் பிரித்துவிட வழியே இல்லை; இயந்திரம் ஓடும் வரை அதுவும் ஓடும். குளிர்காலத்தில் ஏசி வேண்டாம் என்றால் பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். குளிர்ச் சுருள் டிக்கிப் பக்கம் இருந்தது. அது உள்ளே இருந்த காற்றையே சுற்றிவிட்டது. மறுபுறம், நாஷ் என்ற இன்னோர் அமெரிக்க நிறுவனம் 1938-லேயே வெளிக்காற்றை வடிகட்டி, வெதுவெதுப்பாக்கி உள்ளே அனுப்பும் ஹீட்டரைக் கொண்டுவந்துவிட்டது. அதே நிறுவனம் 1954-இல் குளிர்விப்பையும் ஹீட்டரையும் வெளிக்காற்றையும் டேஷ்போர்டின் பக்கமே ஒன்றாக இணைத்தது. நம் காரில் இருக்கும் மூன்று திருகுகள் அந்த வழியில் வந்தவை.

குளிர்ச் சுருளைத் தாண்டியதும் மூன்றாவது கேள்வி வருகிறது. இயந்திரத்தைக் குளிர்விக்கச் சுற்றி வரும் கூலன்ட், 90 டிகிரியை ஒட்டிய சூட்டில், டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டர் ஒன்றின் வழியாகவும் ஓடுகிறது. அதுதான் ஹீட்டர். நீலத்திலிருந்து சிவப்பு வரை செல்லும் திருகு, காற்றில் எவ்வளவு பங்கை அந்த ஹீட்டரின் வழியே அனுப்புவது என்பதை ஒரு கதவின் மூலம் முடிவு செய்கிறது. திருகு நீலத்தின் கடைக்கோடியில் இருந்தால் கதவு ஹீட்டரை முழுவதும் மூடியிருக்கும். திருகை நடுவில் வைத்துக்கொண்டு ஏசியையும் போட்டிருப்பவர்கள், கம்ப்ரஸர் பாடுபட்டுக் குளிர்வித்த காற்றை ஹீட்டரில் மறுபடி சூடாக்கிக்கொள்கிறார்கள். மழை நாளில் கண்ணாடியைத் தெளிய வைக்க அது தேவைதான். மற்ற நேரத்தில் அது எரிபொருளுக்கு வீண் செலவு. குளிர் அதிகமாக இருக்கிறது என்று தோன்றினால், திருகைச் சிவப்புப் பக்கம் நகர்த்துவதைவிட ஏசியை அணைத்து வெளிக்காற்றுக்கு மாறுவதே சரி.

ஆக, பதப்படுத்தாத வெளிக்காற்று வேண்டுமென்றால் ஏசி விளக்கு அணைந்திருக்க வேண்டும். உள்சுழற்சி விளக்கும் அணைந்திருக்க வேண்டும். வெப்பத் திருகு நீலத்தின் கடைக்கோடியில் நிற்க வேண்டும். ஃபேன் இரண்டிலோ மூன்றிலோ ஓட வேண்டும். காற்று முகத்துக்கு வரும்படி வைத்துக்கொள்ளலாம். இவற்றில் ஒன்று தப்பினாலும் "வெளிக்காற்று வைத்தேன், ஒரே புழுக்கம்" என்ற குறைதான் மிஞ்சும்.

தானியங்கி ஏசி உள்ள கார்களில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'ஆட்டோ' என்ற பொத்தான் எரியும் வரை மூன்று கட்டுப்பாடுகளையும் கார் தன் விருப்பப்படி மாற்றும். அதில் ஏசியை மட்டும் அணைத்துவிட்டு வெப்பநிலையை 24 என்று விட்டுவைத்தால், மார்கழி மாதத்துத் தளியில் வெளியே 16 டிகிரி இருக்கும்போது, 24-ஐ எட்ட வேண்டும் என்று கார் ஹீட்டர் கதவைத் திறந்துவிடும். நீங்கள் கேட்டது வெளிக்காற்று. கிடைப்பது வெந்நீர்ச் சூடு. வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே போய், எண் மறைந்து 'லோ' என்று திரையில் வரும் வரை இறக்கினால், ஹீட்டர் கதவு முழுவதும் மூடிக்கொள்ளும். மற்றொன்று: காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பும் பொத்தானை அழுத்தினால், பல கார்களில் கம்ப்ரஸர் தானே ஓடத் தொடங்கும், சிலவற்றில் ஏசி விளக்கு எரியாமலேயே ஓடும். அது பழுது அன்று. கண்ணாடி மங்கினால் ஆபத்து என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சரியாக வைத்த பிறகும் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வெளியே கையை நீட்டினால் காற்று இதமாக இருக்கிறது, டேஷ்போர்டில் காற்று வரும் திறப்பான வென்டில் வருவது மட்டும் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது? என் காரிலேயே சமையலறை வெப்பமானி ஒன்றை வென்டில் செருகிப் பார்த்தேன். வெளியே 26 டிகிரி இருந்த மாலையில் வென்டில் 30 காட்டியது. காரணம் பழுதல்ல. வாசல் இருக்கும் இடம் பானட்டின் முடிவில். இயந்திரத்தின் சூடு ஏறிய தகட்டின் மேல் வழிந்து வரும் காற்றுதான் உள்ளே போகிறது. ஃபேன் மோட்டாரும் சற்றுச் சூடேற்றும். கதவு மூடியிருந்தாலும் அதன் மறுபக்கம் 90 டிகிரிச் சூட்டில் ஹீட்டர் இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது இந்த வேறுபாடு கூடும். சாலையில் வேகம் எடுத்ததும் குறையும். ஓடும் வேகத்திலும் வென்டில் அனல் அடித்தால் மட்டும், ஹீட்டர் கதவை இழுக்கும் கேபிள் தளர்ந்து கதவு அரைகுறையாக மூடுகிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரக் கார்களில் கொதிக்கும் இயந்திரம் இல்லாததால், அவற்றில் ஃபேனை மட்டும் ஓடவிட்டால் வருவது ஏறத்தாழ வெளியே உள்ள அதே காற்றுதான்.

உள்ளே காற்று வர வேண்டுமென்றால் உள்ளே இருப்பது வெளியேறவும் வேண்டும். பெரும்பாலான கார்களின் பின் பம்பருக்கு உட்புறம் ரப்பர் மடல்கள் கொண்ட திறப்புகள் இருக்கின்றன. அவை வெளியே போகும் காற்றுக்கு மட்டும் திறக்கும். டிக்கியில் மாங்காய் மூட்டைகளை ஓரம் வரை அடுக்கி அந்தப் பாதையை அடைத்துவிட்டால் முன்னால் காற்று வருவதும் மந்தமாகும். அப்போது பின் சன்னல் ஒன்றை இரண்டு விரல் அகலம் இறக்கிப் பாருங்கள். முன் வென்டில் காற்று உடனே பலமாக வருவதைக் கையாலேயே உணரலாம்.

இனி நம் ஊர்களுக்கு வருகிறேன். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரம் ஏறத்தாழ 500 மீட்டரில். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. எனவே மேலுமலையைத் தாண்டிச் சூளகிரிப் பக்கம் ஏறும்போதே காற்று மாறுவது தெரியும். கிருஷ்ணகிரியில் ஏசி போட்டுக் கிளம்பியவர்கள் மாலை நேரத்தில் சூளகிரியில் அதை அணைத்துவிடலாம். ஆடிக் காற்றிலிருந்து மாசி வரை காலையும் மாலையும் இங்கே ஏசி தேவைப்படாத நேரமே மிகுதி. அதற்காக, சித்திரை வெயிலில் நண்பகல் தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றி வெளிக்காற்றோடு ஓட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே வருவது அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அப்போது ஏசியும் உள்சுழற்சியும்தான் முறை.

உள்சுழற்சியை விரும்பிப் போட வேண்டிய இடங்கள் வேறும் உண்டு. தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயில், முன்னே போகும் பாரம் ஏற்றிய லாரிகளின் பிரேக் கருகும் நாற்றம் நேராக உள்ளே வரும். கல் குவாரிச் சாலைகளில் வெள்ளைத் தூசி, மாம்பழக் காலத்தில் கூழ் ஆலைகளின் அருகே புளித்த வாடை, நெரிசலில் பழைய டீசல் வண்டியின் பின்புறம் என்று இவை எல்லாவற்றிலும் பொத்தானை ஒரு முறை அழுத்தி வாசலை அடைத்துக்கொள்ளலாம். கடந்தபின் மறக்காமல் திறந்துவிட வேண்டும். அந்த 'மறக்காமல்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது.

நாம் வெளியே விடும் மூச்சில் கரியமில வாயு ஏறத்தாழ 4 சதவீதம். வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 0.04 சதவீதம்தான். நூறு மடங்கு வேறுபாடு. மூடிய காரில் நான்கைந்து பேர் உள்சுழற்சியிலேயே அரை மணி நேரம் பயணம் செய்தால், அந்தச் சிறு அறையில் கரியமில வாயு வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு கூடிவிடும். உடனே உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் கொட்டாவி வரும், தலை கனக்கும், கவனம் மங்கும். பெங்களூரிலிருந்து இரவு கிளம்பி விடியற்காலையில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டும் ஓட்டுநருக்கு இந்த மயக்கம் எதில் போய் முடியும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நீண்ட பயணத்தில் ஏசி ஓடினாலும் இருபது நிமிடத்துக்கு ஒரு முறையாவது சில நிமிடம் வெளிக்காற்றைத் திறந்துவிடுவது நல்லது. அதே மூச்சில் இருக்கும் ஈரம்தான் அன்று எங்கள் கண்ணாடியில் படிந்தது. இங்கே ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன்: கொட்டகைக்குள்ளோ நின்ற இடத்திலோ இயந்திரத்தை ஓடவிட்டுக் காருக்குள் உறங்குவதற்கு வெளிக்காற்று வைத்திருப்பது பாதுகாப்பாகாது, புகைக்குழாயின் நச்சு வாயுவே அந்த வாசல் வழியாக உள்ளே வரக்கூடும்.

ஏசியை அணைத்து வெளிக்காற்றுக்கு மாறிய முதல் சில நிமிடங்களில் ஈரவாடை வருவதும், மழை நாளில் கண்ணாடி ஒரு கணம் மங்குவதும் உண்டு. அதுவரை ஓடிய ஏசியின் சுருள் நனைந்து கிடக்கிறது. அந்த ஈரத்தைக் காற்று வாரிக்கொண்டு வருகிறது. சுருள் காய்ந்ததும் தெளிந்துவிடும். மழை வலுத்து, கண்ணாடி தொடர்ந்து மங்கினால் பிடிவாதம் பிடிக்காமல் வெளிக்காற்றோடு ஏசியையும் போட்டுவிடுங்கள். காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்க அதைவிட விரைவான வழி காரில் இல்லை. நனைந்த சுருளை அப்படியே விட்டு இரவெல்லாம் காரை மூடி வைப்பதால்தான் பூசணம் பிடித்து, மறுநாள் காலையில் ஊறப்போட்ட துணியின் நாற்றம் அடிக்கிறது. வீடு சேர இரண்டு மூன்று கி.மீ. இருக்கும்போதே ஏசியை அணைத்து, வெளிக்காற்றை வைத்து, ஃபேனைக் கூட்டிவிட்டால் சுருள் உலர்ந்துவிடும்.

கடைசியாக, அந்த வாசலையும் வடிகட்டியையும் பற்றி. எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரம் ஒன்று இருக்கிறது. கார் அதன் நிழலில்தான் நிற்கும். ஓசூர்ப் பயணம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, க்ளவ் பாக்ஸின் இரு பக்கத்தையும் உள்நோக்கி அழுத்தி இறக்கி, பின்னால் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, ஃபில்டரை மெல்ல உருவினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய காகித மடிப்புகள் காவி நிறத்தில் இருந்தன. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் உலர்ந்த வேப்பம்பூ, சருகுத் துண்டுகள், ஒரு தட்டானின் இறக்கை. தட்டினால் செம்மண் தூசி புகையாக எழுந்தது. ஃபேனை நான்கில் வைத்தும் காற்று ஏன் மெலிந்து வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. பெரும்பாலும் 10,000 முதல் 15,000 கி.மீ.க்கு ஒரு முறை இதை மாற்றச் சொல்வார்கள். மண்சாலையிலும் குவாரிப் பக்கத்திலும் ஓடும் கார்களுக்கு அதற்கும் முன்பே பார்ப்பது நல்லது. விலை குறைந்த சில மாதிரிகளில் ஃபில்டர் வைக்கும் இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. திறந்து பார்த்து இல்லையென்றால் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். வைப்பருக்கு அடியில் உள்ள சல்லடையிலும் சருகு சேரவிடக் கூடாது. அதன் ஓரங்களில் உள்ள வடிகால் அடைத்தால் மழைநீர் தேங்கி, ஃபேன் இருக்கும் இடம் வரை இறங்கிவிடும்.

புது ஃபில்டரைப் போட்டு, அம்மாவை ஏற்றிக்கொண்டு அதே சாலையில் பாலக்கோடு வரை போனோம். ஏசி அணைந்திருந்தது, உள்சுழற்சி விளக்கும் எரியவில்லை, திருகு நீலத்தின் கடைசியில் இருந்தது. வழியில் எங்கோ நெல் அறுத்துப் போட்டிருந்தார்கள் போலிருக்கிறது. சன்னல் மூடியிருந்த காருக்குள் வைக்கோல் வாசம் வந்தது. "எந்தப் பக்கம் கண்ணு திறந்து வெச்சிருக்க?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டார்.